கூடம் கோணல்தான்

தொகுப்பாளர் போன் செய்தபோது டம்முவின் வாயில் பிரஷ் இருந்தது.

"ஆழம் இருக்கும்மா. நான் இல்லேங்கலை. ஆனா கலங்கலா இருக்கு. குத்து வரலை. நெஞ்சுல பட்டுனு ஒண்ணு விழணும், புரியுதா?"

"ம்."

"ஆழமும் வேணும், குத்தும் வேணும்."

"ம்."

"போன தடவையும் இதையேதான் சொன்னேன்."

அதற்கும் ஒரு 'ம்' போட்டாள். வாயைத் திறந்தால் நுரை வழிந்துவிடும். அவர் வைத்த பிறகு துப்பினாள். நுரையோடு சேர்த்து, பெரிய மனிதரைப் பற்றிச் சொல்லக்கூடாத இரண்டு வார்த்தைகளையும் துப்பினாள்.

டம்மு என்பது அவள் பெயரில்லை. அண்ணன் வைத்த பட்டம். வீட்டில் எல்லோரும் கூப்பிட்டுக் கூப்பிட்டு அதுவே நிலைத்துவிட்டது. அவள் செய்யும் வேலையைச் சொந்தக்காரர்களுக்கு விளக்குவதற்குள் அவளுக்குத் தாவு தீர்ந்துவிடும். எலக்ட்ரானிக் பாட்டுகளில், ஆடுகிறவர்களின் காலைத் தரையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு 'டம் டம்' என்று அடியில் விழுந்துகொண்டே இருக்கிறதே ஓர் அடி, அதற்குக் கிக் என்று பெயர். அந்த அடிகளைத்தான் அவள் கம்ப்யூட்டரில் செய்தாள். ஒரு கம்பெனி அவற்றை வாங்கி, தொகுப்பாகக் கட்டி, பாட்டுப் போடுகிறவர்களுக்கு விற்கும். எதை எடுப்பது, எதைத் திருப்புவது என்று அங்கே தீர்மானிப்பவர்தான் தொகுப்பாளர். எந்தப் பாட்டில் எது போனது என்று அவளுக்கே தெரியாது. "ஒரு டம் போடுறதுக்கு ஒரு வாரமா?" என்று பெரியம்மா ஒருமுறை கேட்டாள். அன்றைக்கு அண்ணன் சிரித்த சிரிப்பில் பிறந்ததுதான் அந்தப் பட்டம்.

ஒரு வாரம் ஆகத்தான் செய்யும். விசில் மாதிரியான ஒரு சுத்தமான ஓசையை எடுத்து, உச்சியிலிருந்து பாதாளத்துக்குக் கண் இமைக்கும் நேரத்தில் விழச் செய்ய வேண்டும். விழும் வேகத்தில்தான் குத்து இருக்கிறது. மெதுவாக விழுந்தால் 'பொய்ங்' என்று பொம்மைத் துப்பாக்கி போலக் கேட்கும். மிக வேகமாக விழுந்தால் நகத்தால் மேசையைத் தட்டிய மாதிரி ஆகிவிடும். அதன் தலையில் ஒரு சின்ன 'டக்' வைக்க வேண்டும், போனில் கேட்கிறவனுக்கும் அடி விழுந்தது தெரிவதற்காக. பிறகு வால். அடி விழுந்த பின் அடிவயிற்றில் நீளும் அந்த 'ம்ம்'. அது குறைந்தால் சத்தம் சப்பை, கூடினால் அடுத்த அடியின் மேல் போய் விழும். ஆட்டுக்கு வாலை அளந்து வைத்தவன் கிக்குக்கு அளந்து வைக்கவில்லை. அது டம்முவின் தலையில் விழுந்த வேலை.

கல்யாணத்துக்கு முன்பு அவள் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில் கேபிள் சுற்றும் உதவியாளராகச் சேர்ந்தாள். கேபிளைச் சுற்றிக்கொண்டே காதைத் தீட்டினாள். இரண்டு கிக்குகளைப் போட்டுக்காட்டி "எது பரவாயில்லை?" என்று அங்கே யாராவது கேட்டால், அவள் கை காட்டியதுதான் பாட்டில் போகும். கூடம் மூடப்பட்ட பிறகு வீட்டிலிருந்தே செய்ய ஆரம்பித்தாள். பழைய வாடகை வீட்டில் இருந்தவரை கம்பெனி அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. அனுப்பியதெல்லாம் எடுத்துக்கொண்டது.

இந்த அபார்ட்மெண்டுக்கு வந்த பிறகுதான் சனி பிடித்தது. மூன்று வருஷமாக அவள் அனுப்புவதில் பாதிக்கு மேல் திரும்பி வந்தது. கலங்கல், கலங்கல் என்று ஒரே பாட்டு. அவள் கீழ்ச் சத்தத்தை ஏற்றிப் பார்த்தாள். இன்னும் கலங்கல். புது சாஃப்ட்வேர் வாங்கினாள். கலங்கல். ஜன்னலுக்குக் கனத்த திரை போட்டாள். அப்போதும் கலங்கல்தான். வயது ஏறினால் காது இறங்கும் என்று எங்கோ படித்துவிட்டு டாக்டரிடம் போய்ப் பரிசோதித்தாள். காது நன்றாக இருக்கிறது என்றார் அவர். அதைக் கேட்டு அவளுக்கு அழுகைதான் வந்தது. காது நன்றாக இருந்தால், கெட்டுப்போனது அதற்கும் உள்ளே இருக்கிற எதுவோ என்றுதானே அர்த்தம்?

இந்த நிலைமையில்தான் அண்ணன் காலை உடைத்துக்கொண்டு வந்து சேர்ந்தான்.

அவன் லாரி டிரைவர். லாரியையே கட்டிக்கொண்டவன், வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மலைப்பாதையில் சரக்கு வண்டியைக் கொண்டைஊசி வளைவுகளில் திருப்பி வருகிறவன், சொந்தக் குளியலறையில் சோப்பை மிதித்து விழுந்தான். அவன் குடியிருந்த மாடிக்கு லிஃப்ட் கிடையாது. டம்முவின் கணவன் லிஃப்ட் மெக்கானிக். அவர்கள் கட்டடத்து லிஃப்டுக்கு வைத்தியனும் அவன்தான். "மச்சான் இங்கேயே வரட்டும். நம்ம லிஃப்ட் ஏமாத்தாது" என்று அவனே போய் அழைத்து வந்தான். படுக்கையறையில் இடமில்லை. கூடத்தில் கட்டில் போட்டால் கதவு திறக்காது. மிச்சமிருந்தது டம்மு வேலை செய்யும் அறை.

அது சதுரமான அறை. மின்விசிறி நட்டநடுவில் தொங்கியது. கம்ப்யூட்டர் சூட்டுக்கும் அவள் சூட்டுக்கும் காற்று வேண்டுமென்று மேசையையும் நாற்காலியையும் விசிறிக்கு நேர் கீழே போட்டிருந்தாள். மூலையில் கட்டிலைப் போட்டு, அண்ணனின் கட்டுப் போட்ட காலைத் தலையணை மேல் தூக்கி வைத்தார்கள்.

முதல் நாளே அவன் ஆரம்பித்துவிட்டான்.

"டம்மு, என்னடி இது? வயித்துக்குள்ள யாரோ மாவு இடிக்கிற மாதிரி இருக்கு."

"அண்ணா, குத்தே வரலைனு அங்க ஒருத்தர் என் உயிரை எடுக்கிறார். உனக்கு வயித்துல இடிக்குதா?"

"குத்துனு நான் சொல்லலையே. இடினுதானே சொன்னேன். குத்துனா பட்டுனு விழுந்துட்டுப் போயிடணும். இது வந்து உக்காந்தா எந்திரிக்கவே மாட்டேங்குது, நம்ம சித்தப்பா மாதிரி."

"லாரி ஹாரன் அடிச்சு அடிச்சு உன் காது எப்பவோ செத்துப் போச்சு."

"காது செத்தா என்ன? வயிறு உயிரோட இருக்கில்ல?"

அவள் திரும்பிக்கொண்டாள். அவளுக்குக் கேட்டதெல்லாம் தலையிலிருந்த 'டக்'கும் அதன் கீழே நோஞ்சான் சத்தம் ஒன்றும்தான். இதில் எங்கே மாவு இடிக்கிறது? அடியில் பலமில்லை, அதுதான் குத்து வரவில்லை என்று தீர்மானித்து இன்னும் கொஞ்சம் ஏற்றினாள். மூலையில் கட்டில் கம்பி கிணுகிணுத்தது.

"எலும்பு ஒட்டணுமா வேண்டாமா?" என்றான் அண்ணன்.

"வேண்டாம்."

கீழ்வீட்டில் ஒரு பல் டாக்டரம்மா கிளினிக் வைத்திருந்தாள். அவளும் அந்த வாரம் மேலே ஏறி வந்தாள். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பதில் சொல்வது சுலபமாக இருந்திருக்கும். "நான் ஒருத்தர் வாயில ஊசி வெச்சிருக்கேன். மேலேர்ந்து டம்முனு விழுது. என் கை எங்க போகும், நீங்களே சொல்லுங்க" என்றாள். டம்மு மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினாள். தொகுப்பாளருக்குக் கேட்கவில்லை, தனக்கே கேட்கவில்லை, ஊரில் இருக்கிற மற்ற எல்லோருக்கும் மட்டும் கேட்கிறது. நாற்காலிக்குத் திரும்பியபோது அவளுக்கு எதையாவது தூக்கி உடைக்க வேண்டும் போல இருந்தது. மேசையில் உடைக்கிற மாதிரி விலை குறைந்த பொருள் எதுவும் இல்லை.

சாயங்காலம் கணவன் வேலையிலிருந்து வந்து வழக்கம் போல வாசற்படியில் நின்று கேட்டான். கிரீஸ் கையோடு அறைக்குள் வரமாட்டான்.

"எப்படி இருக்கு?" என்றாள்.

"நல்லாருக்கு."

"குத்து?"

"அதுவும் நல்லாருக்கு."

அவன் எதற்கும் அதைத்தான் சொல்வான்.

மறுநாள் மத்தியானம் அண்ணனுக்குக் கட்டுக்குள்ளே அரிப்பு எடுத்தது. எடுத்தது என்றால் சாதாரணமாக இல்லை, மனிதன் கட்டிலில் நெளிந்தான். "டம்மு, உனக்குப் புண்ணியமாப் போகும், அந்த ஸ்கேலை எடுத்து உள்ள விட்டுச் சொறிடி" என்று கெஞ்சினான். ஓடிக்கொண்டிருந்த கிக்கை நிறுத்தாமலே எழுந்து போனாள். கட்டில் ஓரம் மண்டியிட்டு, மூலைச் சுவரில் தலை இடிக்காமல் குனிந்து, கட்டுக்கும் காலுக்கும் நடுவே ஸ்கேலை நுழைத்தாள்.

கை பாதியில் நின்றது.

"ஏன்டி நிறுத்திட்டே? இன்னும் கீழ, கீழ!"

அவளுக்கு அவன் குரல் கேட்கவில்லை. அறை முழுக்க வேறு ஒரு சத்தம் இருந்தது. பெரிய, தொளதொளத்த, ஊதிப்போன சத்தம். தலையிலிருந்த 'டக்' அதில் மூழ்கிக் காணாமல் போயிருந்தது. வால் நீண்டு நீண்டு அடுத்த அடியின் மேல் சரிந்தது. அது அந்த அடியை விழுங்கிவிட்டு மேலும் நீண்டது. கம்ப்யூட்டர் தானாக எதையோ மாற்றிவிட்டது என்று நினைத்து மேசைக்கு ஓடினாள். திரையில் எதுவும் மாறவில்லை. நாற்காலியில் உட்கார்ந்ததும் சத்தம் பழையபடி நோஞ்சானாகிவிட்டது. எழுந்து மூலைக்குப் போனாள். ஊதியது. நடுவுக்கு வந்தாள். வற்றியது.

"ஸ்கேலைக் காலுக்குள்ள விட்டுட்டு எங்கடி ஓடுறே?"

"இரு அண்ணா."

கிக்கை நிறுத்திவிட்டு, அடியாழத்தில் ஒரே சீரான ஓசை ஒன்றைப் போட்டாள். அதைப் போட்டபடியே அறைக்குள் நடந்தாள். சுவரோரம் வயிறு அதிர்ந்தது. ஜன்னலோரம் திரைக்கம்பி பாடியது. நடுவே வர வர, யாரோ குழாயை மூடுவது போல ஓசை மெலிந்தது. விசிறிக்கு நேர் கீழே, மூன்று வருஷமாக அவள் தலை இருந்த அந்த ஒரு சாண் இடத்தில், கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை.

தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பழைய ஒலிப்பதிவுக் கூடத்தின் முதலாளி ஒரு வாக்கியத்தை எல்லோர் மேலும் வீசுவார். எவனாவது அறை சரியில்லை, ஸ்பீக்கர் சரியில்லை என்று ஆரம்பித்தால் போதும், "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்பார். அந்த வெட்கத்திலேயே டம்மு ஒருநாளும் அறையைச் சந்தேகித்ததில்லை. தன் காதைச் சந்தேகித்தாள், கையைச் சந்தேகித்தாள், புத்தியைச் சந்தேகித்தாள். ஹெட்ஃபோனில் ஒருமுறை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். 'ஹெட்ஃபோனை நம்பிக் கிக் செய்யாதே' என்பதும் அதே மனிதரின் வாக்கியம்தான்.

"கூடம் கோணல்தான்" என்றாள் சத்தமாக.

"என்னது?"

"கூடம் நிஜமாவே கோணல் அண்ணா."

"சரி இருக்கட்டும். ஸ்கேலை எடு."

சாயங்காலம் கணவன் வாசற்படியில் வந்து நின்றதும் அவனைக் கிரீஸ் கையோடு உள்ளே இழுத்தாள். முதலில் நடுவில் நிறுத்தினாள், பிறகு மூலையில். "சத்தம் சுவர்ல முட்டித் திரும்பி வருது. போறதும் வர்றதும் நடுவுல மோதி ஒண்ணை ஒண்ணு தின்னுடுது. நான் சரியா அங்க உக்காந்திருக்கேன். ஒண்ணும் கேக்கலைனு ஏத்திக்கிட்டே போயிருக்கேன்" என்றாள்.

அவன் கொஞ்ச நேரம் மூலையில் நின்று கேட்டான்.

"எனக்கு எப்பவும் இப்படித்தானே கேக்கும்" என்றான்.

"என்ன?"

"வாசல்லேர்ந்து. இப்படித்தான் பொதபொதனு கேக்கும்."

"அப்புறம் ஏன் நல்லாருக்குனு சொன்னீங்க?"

"உனக்கு அப்படித்தான் பிடிச்சிருக்குனு நெனச்சேன். உன் வேலை உனக்குத்தானே தெரியும்."

அவளுக்கு வந்த கோபம் அவளே எதிர்பார்க்காதது. மூன்று வருஷம் தன்னைத் தானே தின்றுகொண்டிருந்தாள். சமைக்கும்போது, குளிக்கும்போது, அவனோடு பேசிக்கொண்டிருக்கும்போதும்கூட, எனக்கு இனி வராது என்கிற ஒரே நினைப்பு. பதில் இந்த மனிதனிடம் வாசற்படியில் நின்றுகொண்டிருந்திருக்கிறது. "பொதபொதனு இருக்குனு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்னங்க குறைஞ்சு போயிருக்கும்? நீங்க பாக்குற லிஃப்ட் கடகடங்குதுனு யாராவது சொன்னா, எனக்கு அப்படித்தான் பிடிக்கும்னு விட்டுடுவீங்களா?" என்று கத்தினாள்.

"மாப்ள, பதில் சொல்லிடாதீங்க" என்றான் அண்ணன் கட்டிலிலிருந்து.

"நீ சும்மா இரு."

"நான் சொன்னேன்டி. மொத நாளே மாவு இடிக்குதுனு சொன்னேன். எவ கேட்டா?"

அது உண்மை. அதனாலேயே அன்று அவன் மேல்தான் அதிகக் கோபம் வந்தது.

அடுத்த நாள் கணவன் தாமதமாக வேலைக்குப் போனான். இருவருமாக மேசையை நடுவிலிருந்து நகர்த்தினார்கள். ஒவ்வோர் இடமாக வைத்து, ஓசையைப் போட்டு, அவள் உட்கார்ந்து பார்த்தாள். நடுவைவிட்டு ஜன்னல் சுவர்ப் பக்கமாக இரண்டடி தள்ளிய இடத்தில்தான் ஓரளவு உண்மை கேட்டது. அங்கே மேசை வர வேண்டுமென்றால் கட்டில் நகர வேண்டும். கட்டிலை நகர்த்தினால் அதன் கால்மாடு கதவை மறித்தது. அன்றிலிருந்து அந்த அறைக்குள் வருகிறவர்கள் பக்கவாட்டில் நண்டு போல நுழைய வேண்டியிருந்தது. விசிறிக் காற்றும் அவளுக்குக் கிடைக்கவில்லை. வியர்வை வழிய உட்கார்ந்து, கம்பெனி ஏற்றுக்கொண்டவை உட்பட மூன்று வருஷத்து வேலையை ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டாள்.

எல்லாம் நனைந்த மூட்டை. அவளுக்குக் காது கூசியது. தொகுப்பாளர் எவ்வளவு பொறுமைசாலி என்று முதன்முறையாகப் புரிந்தது. அதுவும் எரிச்சலாக இருந்தது. பொறுக்க முடியாமல், கம்ப்யூட்டரில் அவற்றைச் சேர்த்து வைத்திருந்த பெட்டியையே மொத்தமாக அழித்தாள். திரும்ப எடுக்க முடியாதபடி அழித்தாள்.

புதிதாக ஆரம்பித்தால் உடனே பூப்பூக்கும் என்று நினைத்திருந்தாள். பூக்கவில்லை. ஏற்றி ஏற்றியே பழகிய கை, அடியைத் தொட்டால் ஏற்றத்தான் செய்தது. ஒவ்வொரு தடவையும் தன் கையைத் தானே பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. பயந்து வெட்டினால் சத்தம் தகர டப்பாவானது. வாலை ஒட்ட நறுக்கினாள்; அடி விழுந்தது, ஆனால் நடுவில் எலும்பு இல்லை. இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. பிறகு ஒரு மத்தியானம், அடியாழத்தை விட்டுவிட்டு அதற்குக் கொஞ்சம் மேலே, நெஞ்சுக்கூடு இருக்கும் உயரத்தில், ஓசை விழும் வேகத்தை மட்டும் மயிரிழை மயிரிழையாக மாற்றிக்கொண்டிருந்தபோது, ஓர் அடி வந்தது. வந்தது, குத்தியது, போய்விட்டது. போன இடத்தில் ஆழம் மட்டும் கொஞ்சம் மிச்சமிருந்தது. அவள் திரும்பி அண்ணனைப் பார்த்தாள். அவன் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான். அந்த அறையில் அவன் பகலில் தூங்கியது அதுதான் முதல் தடவை.

அந்த வாரக் கடைசியில் பல் டாக்டரம்மா லிஃப்டில் பார்த்து, "ஊருக்குப் போயிருந்தீங்களா? சத்தத்தையே காணோம்" என்றாள்.

ஒன்று கிடைத்ததும் அதைப் பிடித்துக்கொண்டு மற்றவையும் வந்தன. அனுப்பினாள். தொகுப்பாளர் மறுநாளே பேசினார். இந்தத் தடவை அவள் வாயில் எதுவும் இல்லை.

"இதான்மா! இதைத்தானே கேட்டுக்கிட்டே இருந்தேன். இத்தனை நாள் ஏன் இப்படி அனுப்பலை?"

"சார், அது என்னன்னா, என் ரூம்ல நான் உக்காந்திருந்த இடம்…"

"சரி சரி, அதை விடுங்க. ஒரு விஷயம். இந்தத் தொகுப்பு போன வாரமே மூடியாச்சு. இதுங்க அடுத்ததுல வரும். கட்டாயம் வரும். இன்னொண்ணு, இப்ப கொஞ்சம் கலங்கலாவும் கேக்கிறாங்கம்மா. பழைய ஸ்பீக்கர்ல கேக்கிற மாதிரி, அந்தப் பொதபொத டைப். நீங்க முன்னாடி அனுப்புவீங்களே, அதே மாதிரி. நான் திருப்பினதையெல்லாம் வெச்சுக்கலை. உங்ககிட்ட இருக்குமே?"

டம்மு போனைக் காதில் வைத்துக்கொண்டு காலியான பெட்டியைப் பார்த்தாள்.

"இல்ல சார். செஞ்சு தரேன்" என்றாள்.

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். கட்டுப் போட்ட கால் வலிக்கும் அளவுக்குச் சிரித்தான். "கம்பெனிக்காரன் கேக்கிறதைப் பாரு! நாற்காலியை மறுபடி நடுவுல போடுடி, ஒரு மணி நேரத்துல முடிஞ்சிடும்" என்றான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. தெரியாமல் செய்த கலங்கலை இப்போது தெரிந்து செய்ய வேண்டும், அதுவும் கேட்கிறவனுக்குச் சுகமாக இருக்கும் அளவோடு. அது நல்ல கிக்கைவிடச் சிரமமாக இருந்தது. சரியான இடத்தில் உட்கார்ந்து தப்பான சத்தத்தைத் தேடித் தேடி அவளுக்குத் தலைவலி வந்தது.

கட்டுப் பிரித்ததும் அண்ணன் கிளம்பினான். கட்டிலையும் மெத்தையையும் எடுத்த அன்றே அறையின் சத்தம் மறுபடி மாறிவிட்டது. அந்த மெத்தைதான் மூலையின் ஊதலைப் பாதி குடித்துக்கொண்டிருந்திருக்கிறது. இவள் திரும்ப மேசையைத் தள்ளிக்கொண்டு அலைந்தாள். கடைசியில், விருந்தாளி வந்தால் விரிக்கிற தடித்த மெத்தையை மூலையில் நிமிர்த்தி வைத்துக் கயிறு கட்டினாள். அது வாரத்துக்கு ஒருமுறை அவிழ்ந்து அவள் முதுகின் மேல் சாயும்.

அந்தத் திட்டுக்குப் பிறகு கணவன் 'நல்லாருக்கு' என்பதை விட்டுவிட்டான். இப்போது கை கழுவிவிட்டு உள்ளேயே வந்து, நாற்காலிக்குப் பின்னால் நின்று கேட்கிறான். கேட்டால் அபிப்பிராயம் சொல்கிறான். நேற்றுக்கூட, அவள் காலையிலிருந்து செதுக்கிய ஒன்றைக் கேட்டுவிட்டு, "தலை கொஞ்சம் கூர்மையா இருக்கோ? காதுல குத்துது" என்றான்.

"உங்களை யாரு கேட்டா?" என்றாள்.

"நீதானே சொல்லச் சொன்னே?"

"சொல்லச் சொன்னேன். உடனே சொல்லச் சொன்னேனா?"

அவன் தோளைக் குலுக்கிக்கொண்டு சாப்பிடப் போனான். அவன் போன சத்தம் அடங்கும் வரை காத்திருந்து, அவள் அந்த 'டக்'கை இரண்டு புள்ளி இறக்கிப் பார்த்தாள். பிறகு ஒரு புள்ளி ஏற்றினாள். சாப்பிடக் கூப்பிட்டான். வரேன் என்றாள், போகவில்லை.